முடிவு என்ன ஆயிற்று?

கும்பகோணத்தில் எங்கள் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், கடையில் அவருக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றிருந்தது பேரேடுதான். சிவப்புத் துணி அட்டை போட்டு நூலால் தைத்த நீண்ட புத்தகம். சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. மற்ற நாட்களில் அதைத் தொடக் குழந்தைகளுக்கு அநுமதி கிடையாது. யாரோ ஒரு வாடிக்கைக்காரர் என்றோ ஒரு தை மாதத்தில் கடனாக வாங்கிய ஒரு வீசைப் புளிகூட அதில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அந்த மனிதர் ஊரைவிட்டுப் போயிருக்கலாம், உலகத்தைவிட்டே போயிருக்கலாம், வரி மட்டும் போகாது.

அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த என் தமக்கையாரின் இடுப்புக்குள் என்ன இருக்கிறது என்பது, 2018-ஆம் ஆண்டில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமற் போயிற்று.

விஷயத்தை விவரமாகச் சொல்கிறேன். அக்காவுக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்து போய், எழுந்தால் உட்கார முடியாமலும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமலும் இரண்டு வருஷம் அவஸ்தைப்பட்டாள். 2008-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்து, தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். சிகிச்சை செய்த டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் பெற்றவர். பெயருக்கு ஏற்றபடியே எல்லாம் நடந்தது. ஆறு மாதத்தில் அக்கா கைத்தடியைப் பரண்மேல் போட்டாள். அடுத்த கிருத்திகைக்குச் சுவாமிமலையில் அறுபது படிகளையும் ஏறிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீ ஏண்டா பின்தங்கிவிட்டாய்?" என்று கேட்டாள். நான் அவளைவிட மூன்று வயது இளையவன்.

பத்து வருஷம் இப்படி நிம்மதியாகக் கழிந்தது. பிறகு 2018-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலைப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. டிபியூ என்ற கம்பெனியார் செய்து விற்ற ஏ.எஸ்.ஆர். என்னும் ஒருவகை இடுப்பு மூட்டு கெட்ட மூட்டு என்று தெரிந்து, 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே உலகம் முழுவதிலும் திரும்பப் பெறப்பட்டதாம். உலகத்தில் ஏறக்குறைய 93,000 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அந்த மூட்டில் பந்தும் உலோகம், பந்து சுழலும் கிண்ணமும் உலோகம். உலோகத்தோடு உலோகம் உராயும்போது கண்ணுக்குத் தெரியாத பொடி உதிர்கிறது. கோபால்ட், குரோமியம் என்ற அந்த உலோகங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள சதையை அரிக்கின்றன. இந்தியாவில் சுமார் 4,700 சிகிச்சைகளில் இந்த மூட்டை வைத்திருக்கிறார்கள். அவர்களில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது அரசாங்கம் நியமித்த குழுவின் விசாரணையில் வெளியாயிற்று.

அக்கா பத்திரிகையை மடித்து வைத்தாள். "என்னுடையது எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள்.

வீட்டில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டு கிடைத்தது. அதில் அக்காவின் வயது, ரத்த அழுத்தம், சாப்பிட வேண்டிய மாத்திரைகள் எல்லாம் இருந்தன. மூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: வலது இடுப்பு மூட்டு முழுவதும் மாற்றப்பட்டது. மாற்றி வைத்த பொருள் எது, யார் செய்தது, என்ன நம்பர் என்பதைப் பற்றி மூச்சில்லை. அந்தச் சீட்டின் பின்புறம் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலைக் கணக்கு மட்டும், இட்லி வடை உட்பட, சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

நானும் அக்காவின் பிள்ளையும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிகிச்சை செய்த டாக்டர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பதிவு அறையில் இருந்த வாலிபர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "ஸார், பழைய கட்டிடத்திலிருந்து மாறும்போது அந்த வருஷத்துக் காகிதங்களை எல்லாம் கழித்துவிட்டார்கள்" என்றார். ஒவ்வொரு செயற்கை மூட்டுப் பெட்டியோடும் ஒட்டுச் சீட்டுகள் சில வரும். அதில் மூட்டின் பெயரும் நம்பரும் அச்சிட்டிருக்கும். அதை நோயாளியின் காகிதத்தில் ஒட்டி வைப்பது வழக்கம். அக்காவின் சீட்டையும் ஒட்டித்தான் இருப்பார்கள். ஒட்டிய காகிதம் பழைய பேப்பர்க் கடைக்குப் போய், அங்கிருந்து யார் வீட்டுப் பட்டாணிப் பொட்டலமாயிற்றோ!

அக்காவின் பிள்ளையும் டாக்டர்தான். தாயாருக்குச் சிகிச்சை நடந்தபோது அவன் மாணாக்கன். இப்போது வயிற்று ரண சிகிச்சை செய்கிறவன். எலும்பு சமாசாரம் அவனுடைய இலாகா அல்ல. ஆகையால் தனக்குத் தெரிந்த மூட்டு நிபுணர் ஒருவரிடம் எக்ஸ்ரே படத்துடன் எங்களை அழைத்துச் சென்றான். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் இருக்கவேண்டும் என்றும், பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்றும் விளக்கினார்.

"முக்காலே மூன்று வீசம் நிச்சயம், அம்மா. இது அந்த மூட்டு அல்ல" என்றார்.

அக்கா மளிகைக் கடைக்காரரின் பெண். "மிச்சம் ஒரு வீசத்துக்கு யார் ஜவாப்தாரி?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வீசத்துக்காக ரத்தம் எடுத்துக் கோபால்ட் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பரீட்சை செய்ய அனுப்பினோம். முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அக்கா தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் நானும் தூங்கவில்லை. நடுராத்திரியில் எழுந்து கூடத்தில் நடப்பாள். கால் வலிக்கிறதா என்று பார்ப்பதற்காக நடக்கிறாளாம். பத்து வருஷம் தன் காலை மறந்திருந்தவளுக்கு மறுபடியும் கால் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. பதினோராம் நாள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

அன்று மாலை அக்கா சொன்ன வார்த்தை ஒன்றுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. "ஏண்டா, அந்த டாக்டர் மகராஜன், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் இடுப்பை அறுத்து வைத்தாரே, ஒரு வருஷம் கழித்து, 'எப்படி அம்மா இருக்கிறாய்?' என்று யாராவது ஒரு கார்டு போட்டார்களா? நன்றாக இருக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை அவளுக்கு நூறு வருஷம் முன்னதாகவே கேட்டு, அதன் பலனாகத் தம் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர் இருந்தார் என்பதைப் பிறகு புத்தகங்களைப் புரட்டியபோது அறிந்தேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் அமோரி காட்மன் என்பவர் அவர். 1869-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஹார்வர்டு வைத்தியக் கலாசாலையில் படித்தவர். மாணாக்கராயிருந்த காலத்திலேயே, பின்னால் மூளை ரண சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற ஹார்வி குஷிங்கும் இவரும், மயக்க மருந்து கொடுப்பதில் யார் கெட்டிக்காரர் என்று ஒரு சாப்பாட்டைப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். பந்தயத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஏதாவது அத்தாட்சி வேண்டுமல்லவா? நோயாளியின் நாடியை நேரத்துக்கு நேரம் காகிதத்தில் குறித்தார்கள். இன்று உலகமெங்கும் ரண சிகிச்சை அறைகளில் எழுதப்படும் மயக்க மருந்துக் குறிப்பின் பூர்வோத்தரம் அந்தப் பந்தயத்தில் இருக்கிறது.

காட்மனுடைய யோசனை மிகவும் எளிமையானது. ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு. அதில் என்ன உபாதை, என்ன வியாதி என்று நினைத்தோம், என்ன சிகிச்சை செய்தோம், நடுவில் என்ன கோளாறு நேர்ந்தது என்று எழுதவேண்டியது. இதோடு நின்றுவிட்டால் அது எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உள்ள சிட்டாதான். காட்மன் இன்னும் ஓர் இடத்தைக் காலியாக விட்டார். ஒரு வருஷம் கழித்து அந்த நோயாளியைத் தேடிப் பிடித்து, முடிவு என்ன ஆயிற்று என்று அந்த இடத்தில் எழுதவேண்டும். குணமாகவில்லையென்றால், ஏன் ஆகவில்லை? கைத்திறமை போதாமையா, யோசனைப் பிசகா, கவனக் குறைவா, வியாதியை அறிந்துகொள்ளாத பிழையா, அல்லது யாராலும் வெல்ல முடியாத வியாதியா? ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எழுத்து.

மாஸச்சூஸட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இந்த யோசனை எடுபடவில்லை. அங்கே வயதுப்படிதான் டாக்டர்களுக்கு உயர்வு. கையின் பலன்படி அல்ல. காட்மன் 1911-ஆம் ஆண்டில் தாமே ஒரு சிறு ஆஸ்பத்திரி திறந்தார். 1914-இல் பெரிய ஆஸ்பத்திரி உத்தியோகத்தையும் ராஜிநாமாச் செய்தார். 1911-லிருந்து 1916 வரையில் தம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போன 337 நோயாளிகளின் கணக்கையும் அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 பிழைகளை ஒப்புக்கொண்டிருந்தார். தம் கையாலேயே நேர்ந்த மோசமான தவறுகளைக்கூட மறைக்கவில்லை. என் தகப்பனார் இருந்திருந்தால், கடை திறந்து ஐந்து வருஷத்தில் இன்ன இன்ன வாடிக்கைக்காரருக்கு எடை குறைத்தேன் என்று வாசலில் எழுதி ஒட்டுகிறவனைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் சாமானை அவன் கடையிலேயே வாங்கச் சொல்லியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

பாஸ்டன் டாக்டர்கள் முதற் பாதியை மாத்திரம் சொன்னார்கள். 1915-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வைத்தியர்களின் கூட்டம் ஒன்றில் காட்மன் ஒரு பெரிய கேலிச் சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். நகரத்துத் தனவந்தர்கள் ஒரு தீக்கோழியாக, தலையை மணலில் புதைத்துக்கொண்டு, பொன் முட்டைகளை டாக்டர்கள் பக்கம் உதைத்துத் தள்ளுகிறார்கள். நோயாளிகளைப் பற்றிய உண்மை தெரிந்தால் இந்தப் பட்சி முட்டையிடுமா என்று ஆஸ்பத்திரித் தர்மகர்த்தாக்கள் யோசிக்கிறார்கள். சபையில் ஒரே அமளி. வைத்திய சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பதவி போயிற்று. ஹார்வர்டில் போதிக்கும் உத்தியோகமும் போயிற்று. கேலிச் சித்திரத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் காட்டியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பாரோ என்னவோ! உண்மையோடு பரிகாசத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஜீரணிப்பவர்கள் குறைவு.

அவர் விதைத்த விதை மட்டும் வீணாகவில்லை. 1913-இல் ஏற்பட்ட அமெரிக்க ரண சிகிச்சையாளர் சங்கம், ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதிக்க முனைந்தது. நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பரிசீலித்ததில், மிகச் சாதாரணமான நிபந்தனைகளைக்கூட நிறைவேற்றியவை 89 மாத்திரமே. 1919-ஆம் ஆண்டில் இந்தத் தொகையை அறிவித்தார்கள். எந்தெந்த ஆஸ்பத்திரி என்ற ஜாபிதாவை மட்டும், பத்திரிகைக்காரர் கையில் சிக்கக் கூடாதென்று, நியூயார்க்கில் ஒரு ஹோட்டலின் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள்! காகிதத்தைக் கழிப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு இதில் ஆறுதல் ஒன்றும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

காட்மன் 1940-இல் காலமானார். சமாதிக்கு ஒரு கல்லும் கிடையாது. 74 வருஷம் கழித்து, 2014-இல் வைத்தியர்கள் ஒன்றுகூடி ஒரு கல் நாட்டினார்கள்.

இனி இடுப்பு மூட்டுக்கு வருவோம். ஸ்வீடன் தேசத்தில் 1947-லிருந்தே ஒவ்வொரு பிரஜைக்கும் ஒரு நம்பர் உண்டு. 1979-ஆம் ஆண்டில் அங்கே இடுப்பு மூட்டு மாற்றுவதற்கென்று ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். முழங்காலுக்கு அதற்கு முன்னரே 1975-இல் தொடங்கியாயிற்று. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த மூட்டு, எந்தச் சிமிட்டி என்பதெல்லாம் அதில் ஏறும். அந்த நோயாளி பிறகு வேறு ஊருக்குப் போய் வேறு டாக்டரிடம் மூட்டை மறுபடி மாற்றிக்கொண்டாலும், நம்பரைக்கொண்டு பழைய வரியோடு புதிய வரி சேர்ந்துகொள்ளும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூட்டு கெட்டுப்போன நோயாளி பெரும்பாலும் முதல் டாக்டரிடம் திரும்பிப் போவதில்லை. கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் போகிறார். முதல் டாக்டரோ, வராதவர் எல்லாரும் சௌக்கியமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒரு டாக்டர் வருஷத்தில் இருபது பேருக்கு ஒரு தினுசு மூட்டை வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குக் கெட்டுப் போகிறது. அவர் என்ன நினைப்பார்? ஒருவர் பருத்த சரீரம், மற்றவர் சொன்னபடி கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். அது குற்றமும் அல்ல. இருபதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதுதான். தேசம் முழுவதிலும் உள்ள இருபதுகளைக் கூட்டினால்தான், கெட்டது நோயாளியின் சரீரமல்ல, மூட்டு என்பது வெளிச்சமாகும். நார்வேயில் 1987-இல் தொடங்கிய பதிவேடு, போன்லாக் என்னும் புதிய சிமிட்டி சில வருஷங்களிலேயே இளகிவிடுகிறது என்று இப்படித்தான் கண்டுபிடித்தது. 1995-இல் அது கடையைவிட்டு மறைந்தது. அக்காவின் தூக்கத்தைக் கெடுத்த அந்த ஏ.எஸ்.ஆர். மூட்டையும் முதலில் காட்டிக் கொடுத்தது ஒரு பதிவேடுதான். 1999-இல் ஆரம்பித்த ஆஸ்திரேலியப் பதிவேடு, 2007-இலேயே இதன் பெயரைக் குறிப்பிட்டு எச்சரித்தது. 2009 டிசம்பரில் கம்பெனி அந்த நாட்டில் விற்பதை நிறுத்தியது. பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலும், ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் மறு சிகிச்சைக்குப் படுக்க நேர்ந்தது என்று தெரிந்த பின்னரே, உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். நடுவில் கழிந்த மூன்று வருஷத்தில் அதை வைத்துக்கொண்டவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இந்த வியாக்கியானத்தையெல்லாம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவின் பிள்ளை ரசத்தை ஊற்றிக்கொண்டு, "மாமா, மூட்டைக் கணக்கு எழுதுவது சரி. டாக்டரைக் கணக்கு எழுதினால் என்ன ஆகும், தெரியுமா?" என்றான்.

"என்ன ஆகும்?"

"மற்றவர்கள் தொடமாட்டேன் என்று அனுப்பியவர்களெல்லாம் கடைசியில் என்னிடம் வருகிறார்கள். வயிறு வெடித்து, நாடி விழுந்து வருகிறவனுக்கு அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தால் பாதி. நான் அறுக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஜில்லாவிலேயே அதிகம் பேரைக் கொன்றவன் நான்தான் என்று வரும். அடுத்த வருஷம் நானும் தொடமாட்டேன். உங்கள் கணக்கு அழகாயிருக்கும்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இந்த ஆட்சேபம் உலகம் கண்டதுதான். நியூயார்க் மாகாணத்தில் 1989 முதல், இருதயத்தின் அடைபட்ட ரத்தக் குழாய்களுக்கு மாற்றுவழி அமைக்கும் ரண சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிவாரியாகக் கணக்கு எடுத்து வெளியிடத் தொடங்கினார்கள். வெறும் சாவு எண்ணிக்கையைப் போடவில்லை; நோயாளியின் வயது, இருதய பலம், மற்ற வியாதிகள், நெருக்கடியில் வந்தாரா என்பதையெல்லாம் எடை போட்டு, இப்படிப்பட்டவர்களில் இத்தனை பேர் இறப்பது சகஜம் என்று கணித்து, அதற்கு மேலா கீழா என்று பார்த்தார்கள். அப்படிச் சரிக்கட்டிய கணக்கில், 1989-இல் நூற்றுக்கு 4.17 ஆக இருந்த மரணம் 1992-இல் 2.45 ஆகக் குறைந்தது. அபாயமான நோயாளிகளைச் சில டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள் என்ற புகாரும் கூடவே எழுந்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. என் மருமான் சொன்னதை நான் அலட்சியம் செய்யவில்லை. தராசு சரியில்லாத கடையில் பேரேடு இருந்தென்ன, இல்லாமலென்ன?

ஆனால் அந்தக் கணக்கிலிருந்து நடந்த ஒரு காரியத்தை அவனுக்குச் சொன்னேன். ஆல்பனி என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எண்ணிக்கை மோசமாக வந்தது. முதலில் அங்கிருந்த டாக்டர்களும் அவனைப் போலவே, எங்களிடம் வருகிறவர்கள் கடுமையான நோயாளிகள் என்றார்கள். பிறகு வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாவகாசமாக வந்தவர்களிடம் குறையில்லை. நெருக்கடியில் வந்தவர்களில்தான் நாலில் ஒரு பங்கு இறந்திருந்தார்கள். காரணம், அவர்களை வந்த வேகத்தில் மேஜைமேல் கிடத்தியதுதான். இருதயத்தைச் சற்று நிலைப்படுத்திவிட்டுப் பிறகு கத்தியை எடுப்பது என்று முறையை மாற்றினார்கள். மறு வருஷம், 1993-இல், நெருக்கடியில் வந்த ஒருவரும் இறக்கவில்லை. எந்த டாக்டரையும் நீக்கவில்லை. புது யந்திரம் எதையும் வாங்கவில்லை.

மருமான் ரசம் சாதத்தைப் பிசைந்தவாறு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "யார் எழுதுவது, மாமா? ராத்திரி இரண்டு மணிக்குக் கை கழுவிக்கொண்டு வெளியே வருகிறவனுக்குக் கார்டு எழுதத் தெம்பு இருக்குமா? ஒரு வருஷம் கழித்து நோயாளியை எங்கே போய்த் தேடுவது? டெலிபோன் நம்பரை மூன்று தரம் மாற்றியிருப்பான்" என்றான். இதுவும் நியாயந்தான். நம் நாட்டிலும் இடுப்பு, முழங்கால் நிபுணர்களின் சங்கத்தார் 2006-ஆம் ஆண்டில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ஆனால் அதில் எழுதுவது அவரவர் இஷ்டத்தைப் பொறுத்தது. இஷ்டப்பட்டபோது எழுதுகிற பேரேடு கடைக்கு உதவுமா என்று மளிகைக் கடைக்காரர் எவரையும் கேட்டுப் பாருங்கள்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மோர்ப் பாத்திரத்துடன் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி, சிவப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிவரச் செய்தாள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள் என்று பிள்ளை முணுமுணுத்தது அவள் காதில் விழவில்லை. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி அவன் கையில் கொடுத்தாள்.

"கோடு போடு. பெயர், ஊர், என்ன செய்தாய், எந்தத் தேதி. கடைசிக் கட்டத்தை அகலமாக விடு, அடுத்த வருஷத்துக்கு. முதலில் என்னையே எழுதிப் பழகு."

அவன் எழுதினான். வலது இடுப்பு மூட்டு. 2008. நடை நன்றாயிருக்கிறது, படி ஏறுகிறாள், இரவில் வலி இல்லை. மூட்டின் பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

"என்னம்மா எழுத?"

"தெரியவில்லை என்று எழுது" என்றாள் அக்கா.